பேய்க் கதைகளைப் படிக்கலாமா?

கதை என்றால் பிடிக்காதவர் உண்டோ? அதிலும் பேய்க் கதை என்றால், இரு காதையும் பொத்திக்கொண்டு விரலிடுக்கு வழியே கேட்பவர்கள் நாம். ஆயினும் அந்தக் கதை புத்தகமாகி, பள்ளி நூலகத்தின் முத்திரையோடு வீட்டுக்கு வந்துவிட்டால் பெரியவர்களுக்குக் கலக்கம் வந்துவிடுகிறது. பெற்றோர் கூட்டத்தன்று ஒரு மாணவியின் தாயார் என்னிடம், "டீச்சர், புள்ளைங்க கையில இந்தப் பேய்க்கதையெல்லாம் குடுக்கலாமா? ராத்திரி பாத்ரூம் போகக்கூட என்னைத் துணைக்கு எழுப்புறா" என்று கேட்டார். அருகில் நின்ற சிஸ்டரும், "நானும் அதைத்தான் கேட்கணும்னு இருந்தேன்" என்றார்.

நியாயமான கேள்வி. வராந்தாவில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லித் தீர்க்கக்கூடியதன்று. ஆகவே நம் ஆண்டு மலரில் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக் கொள்வோம். பேய்கள் இருவகை. ஒன்று வதந்திப் பேய். மற்றொன்று கதைப் பேய். பச்சைமலைச் சரிவில் மழை இறங்கி, கரண்டு போய், விடுதியில் மெழுகுவத்தி ஏற்றியவுடன் வந்து உட்காருவது முதல்வகை. "கடைசி பாத்ரூமில் ஒரு அக்கா செத்துப் போனாளாம்" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். எந்த அக்கா? தெரியாது. என்ன பெயர்? தெரியாது. ஏன் செத்தாள்? அதுவும் தெரியாது. மேலே செங்காட்டுப்பட்டிப் பக்கமிருந்து வந்த மாணவி சொன்னாலும், கீழே துறையூர்ப் பக்கமிருந்து வந்தவள் சொன்னாலும் அந்த அக்காவுக்குப் பெயர் மட்டும் இருந்ததில்லை. வெள்ளைச் சேலை உண்டு, கொலுசுச் சத்தம் உண்டு, வாழ்க்கை கிடையாது.

இந்த முதல்வகைப் பேய் விளையாட்டாகத் தோன்றினாலும் ஆபத்தானது. வலிப்பு நோய் உள்ள பெண், திருமணமாகிச் சென்ற இடத்தில் வாயடைத்துப் போன பெண், தேர்வுப் பயத்தில் உறக்கமிழந்த பெண், இவர்களைப் பார்த்து ஊர் முதலில் சொல்லும் வார்த்தை, "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்பதுதான். பிறகு வேப்பிலை, சாட்டை, உச்சி மயிரைக் கொத்தாகப் பறித்து மரத்தில் ஆணியடிப்பது எல்லாம் நடக்கும். டாக்டரிடம் போக வேண்டிய மாதங்கள் இப்படிக் கழிந்துவிடும். எந்த மதத்தாரும் இதற்கு விலக்கல்லர். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். வதந்திப் பேயின் கணக்கில் எழுத வேண்டிய உயிர்கள் அவை.

பிள்ளைகள் இந்த வகைப் பேயை நம்பிவிடக் கூடாதே என்று பெற்றோர் அஞ்சுவார்களானால் அவர்கள் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஆனால் அதற்கு நல்ல மருந்து இரண்டாவது வகைப் பேய் என்பது என் கட்சி.

கதைப் பேய்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு வழக்கு உண்டு. நல்ல பேய்க் கதை எதையும் எடுத்துப் பாருங்கள்: யாருக்கோ ஓர் அநீதி நடந்திருக்கும், அதைக் கேட்பார் இல்லாமல் போயிருக்கும், கேட்கச் செய்வதற்காகவே அது திரும்பி வரும். சாட்டைக்காரரும் "யார் நீ? எந்த ஊர்? என்ன வேண்டும்?" என்றுதான் கேட்கிறார், ஆனால் விரட்டுவதற்காகக் கேட்கிறார். கதையாசிரியரோ கேட்பதற்காகவே கேட்கிறார்.

நம் தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய சாட்சி பழையனூர் நீலி. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. பெரிய புராணத்திலும் இதன் குறிப்பு உண்டு. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் துரத்தி வருகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் வந்து நின்று, "இவர் என் கணவர், என்னைக் கைவிடுகிறார்" என்று அழுகிறாள். வணிகனோ, "இவள் பேய், என்னைக் கொல்லப் போகிறாள்" என்று நடுங்குகிறான். அவன் கையிலுள்ள மந்திர வாள் இருக்கும்வரை அவளால் நெருங்க முடியாது. வேளாளர் எழுபதின்மர் கூடி விசாரிக்கின்றனர். குழந்தையோ அவனைப் பார்த்துக் கை நீட்டுகிறது. "வாளை எங்களிடம் கொடுத்துவிட்டு இவளோடு தங்கு, உன் உயிருக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் எழுபது உயிரும் ஈடு" என்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணம். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீக்குழி இறங்குகிறார்கள்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் மாணவியர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். எழுபது பேரின் வாய்மையைப் போற்றுவோர் ஒரு கட்சி. தீர விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னதற்கு அபராதம் கட்டினார்கள், அவ்வளவுதானே என்போர் மற்றொரு கட்சி. எனக்கு வேறொன்று உறுத்தும். பொய்யாக அழுவதற்கு நாம் 'நீலிக் கண்ணீர்' என்று பெயர் வைத்துவிட்டோம். அவளைக் கொன்றானே முதலில், அந்தக் கொலையை நினைவூட்ட ஒரு சொல்லும் வைக்கவில்லை.

நம் மலைக்கு எதிரே நிற்கும் கொல்லிமலையிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள். கொல்லிப்பாவை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிரித்தே ஆளைக் கொல்லும் பதுமை என்று பிற்காலத்தார் சொல்லி நம்மைப் பயமுறுத்தினார்கள். ஆனால் நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அவள் பயங்கரமானவள் அல்லள். தெய்வமோ பூதமோ அமைத்த பாவை. காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் அழகு குன்றாதவள். தலைவியின் அழகுக்குப் புலவர்கள் அவளை உவமை சொன்னார்கள். அச்சம் பிறகு சேர்ந்தது. துறையூர்ப் பேருந்தில் வரும்போது மேற்கே நீலமாகத் தெரியும் அந்த மலையை இனிப் பார்க்கையில் இரண்டு பாவையையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

பழங்கதை போதும், எழுதிய கதைக்கு வருவோம். இரவீந்திரநாத் தாகூர் 1892இல் எழுதிய 'கங்காள்' என்ற கதையைச் சொல்கிறேன். கங்காள் என்றால் எலும்புக்கூடு. உடற்கூறு படிக்கும் சிறுவர்களுக்காக ஒரு வீட்டில் எலும்புக்கூடு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அந்த அறையில் ஒருவன் படுத்திருக்கும் இரவில், எலும்புக்கு உரியவள் தேடிக்கொண்டு வருகிறாள். வந்தவள் பயமுறுத்தவில்லை. உட்கார்ந்து பேசுகிறாள்! சிறுவயதில் விதவையானவள், அழகி, அண்ணனின் நண்பரான டாக்டரிடம் மனத்தைப் பறிகொடுத்தவள். முடிவை நீங்களே படியுங்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இந்த எலும்புக்கு இன்ன பெயர், அந்த எலும்புக்கு இன்ன பெயர் என்று சிறுவர்கள் மனப்பாடம் செய்தார்களே தவிர, அவள் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. நம் உயிரியல் ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியைக் கடக்கும் போதெல்லாம் எனக்கு இக்கதை நினைவு வரும்.

தமிழில் இவ்வகைக்கு முதல் நாற்காலி புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'க்குத்தான். 1948இல் தம் 42ஆம் வயதில் மறைந்த அவர் 1943இல் வெளியிட்ட கதை இது. கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். பேய் பிசாசு எல்லாம் எழுதிப் பிழைப்பதற்கான சரக்கு என்று எண்ணுகிறவர். மனைவி ஒரு பிச்சைக்காரியை வேலைக்கு வைத்துக் கொள்கிறாள். வீட்டில் நள்ளிரவில் பிணவாடை வருகிறது. சற்று நேரத்தில் ஊதுவத்தி மணம். கவனியுங்கள், ஆசிரியர் கண்ணுக்கு ஒன்றும் காட்டவில்லை, மூக்கைத்தான் பிடிக்கிறார். கண்ணை மூடிக்கொள்ளலாம், மூக்கை எவ்வளவு நேரம் மூடுவது? நடந்தது மெய்யா, உறக்கமில்லாத மனிதரின் மனமயக்கமா என்று கடைசிவரை அவர் சொல்வதில்லை. சில மாணவியர், "முடிவே இல்லையே மிஸ்" என்று குறைபடுவார்கள். அந்தக் குறைதான் கதை. பதில் சொல்லிவிட்டால் மறுநாள் மறந்து போவோம்.

அதே ஆண்டில் அவரே எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். சென்னை வீதியில் கடவுள் வந்து நிற்கிறார். வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை அவரைக் காப்பி ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறார். தம் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா வேறு கேட்கிறார்! சிஸ்டர்கள் முகம் சுளிப்பார்களோ என்று தயங்கித்தான் இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் பிள்ளையின் சின்ன மகளோடு கடவுள் விளையாடும் பகுதியைப் படித்தபின் யாரும் சுளித்ததாக எனக்குத் தெரியவில்லை.

விசுவாசத்துக்கு இவை இடையூறு அல்லவா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் காண்டர்பரி ஆங்கிலிக்கப் பேராயரின் மகனாகப் பிறந்து, 1903இல் கத்தோலிக்கராகி, மறு ஆண்டே குருவானவர் ராபர்ட் ஹ்யூ பென்சன். ரோமாபுரியில் குருக்கள் கூடியிருந்து ஒவ்வொருவராகச் சொல்லும் அமானுஷ்யக் கதைகளாகவே ஒரு நூல் எழுதி 1907இல் வெளியிட்டார். அவருடைய சகோதரர்கள் இருவரும் பேய்க் கதை எழுதியவர்கள்தாம். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையை எண்ணிப் பாருங்கள்!

இனி, பேயே இல்லாத விசித்திரக் கதைகளுக்கு வருவோம். 'இப்படி இருந்தால் என்ன?' என்ற ஒரு கேள்வியை விதையாகப் போட்டு முளைக்கவிடும் கதைகள் இவை. பேய்க் கதை பழைய அநீதியைத் திருப்பி அழைக்கிறது என்றால், இவ்வகைக் கதை வராத நாளை முன்கூட்டி அழைக்கிறது. பெண்பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டியது 'சுல்தானாவின் கனவு'. வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதியது. அச்சேறியதோ நம் சென்னையில், 1905இல், கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய ஆங்கில மாதர் பத்திரிகையில். கதையில் ஒரு நாடு. அங்கே ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பெண்கள் வெளியே நாட்டை நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல். அடுப்படியில் கரியும் இல்லை, புகையும் இல்லை. மேகத்திலிருந்து குழாய் வழியே தண்ணீர். ஆகாயத்தில் வண்டி. சூரிய ஒளியைத் திரட்டிப் பாய்ச்சியே பகைவரின் படையைத் துரத்திவிடுகிறார்கள்.

இவையெல்லாம் வேடிக்கை. என்னை நிறுத்திய வரி வேறு: அந்நாட்டில் 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் கூடாது என்று அரசி சட்டம் போட்டிருக்கிறாள். நம் நாட்டில் 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைப்பதற்கே பெரும் போராட்டம் நடந்தது. அதற்கு 24 ஆண்டுகள் முன்பே ஒரு கதையில், பர்தாவுக்குள் வளர்ந்த பெண்ணொருத்தி 21 என்று எழுதிவிட்டாள். எழுதியதோடு நிற்கவும் இல்லை. 1911இல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். 1932இல் மறையும்வரை அதற்காகவே உழைத்தார். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கும் மாணவி எவளேனும் இதைப் படித்தால், தன் தந்தைக்கும் ஒருமுறை படித்துக் காட்டட்டும்.

தமிழில் இந்த வழியில் நடந்தவர் நம்மூர்க்காரர். சுஜாதா என்ற பெயரில் எழுதிய ரங்கராஜன், ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் பௌதிகம் படித்தவர். பெங்களூரில் எஞ்சினீயராக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு கொண்டவர். 2008இல் மறைந்தார். அவருடைய 'திமலா' என்ற சிறுகதையில் எதிர்காலத்துத் தம்பதி ஒரு யாத்திரை போகிறார்கள். எல்லாம் இயந்திரம், எல்லாம் அவசரம். போகும் ஊரின் பெயர்கூடத் தேய்ந்து போயிருக்கிறது. அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்கும் கணத்தில் உங்களுக்கே ஒரு திடுக்கிடல் வரும். 'கொலையுதிர் காலம்' என்ற நாவலில் பேயா விஞ்ஞானமா என்று இரண்டு பேர் கடைசிவரை மல்லுக்கு நிற்பார்கள். அதைப் பெரிய வகுப்பு மாணவியருக்கு மட்டும் சொல்கிறேன்.

மேல்நாட்டுக் கதைகளில் அமெரிக்கர் ரே பிராட்பரி 1954இல் எழுதிய ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. வெள்ளிக் கிரகத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஓயாத மழை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சிறிது நேரம் சூரியன் தெரியும். பூமியிலிருந்து வந்த மார்கோ என்ற சிறுமிக்குத்தான் சூரியனைக் கண்ட நினைவு இருக்கிறது. அதனாலேயே மற்றப் பிள்ளைகளுக்கு அவள்மேல் பொறாமை. சூரியன் வரும் நேரத்தில் அவளை ஓர் அலமாரியில் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். இதில் பேயும் இல்லை, இரத்தமும் இல்லை. ஆனால் புதிதாக விடுதிக்கு வந்த பெண்ணைத் தனியாகச் சாப்பிட விட்டவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டு நன்றாகத் தூங்க முடியாது. அந்தத் தூக்கம் கெட்டால் நல்லதே.

எதை விலக்கலாம் என்றும் கேட்பீர்கள். அட்டையில் மண்டையோடும், உள்ளே பக்கத்துக்கு ஒரு கொலையுமாக வரும் நூல்களை நான் தடை செய்யச் சொல்லவில்லை. இரண்டு படித்தால் மூன்றாவது தானே சலித்துவிடும். பேய் ஏன் வந்தது என்று கதைக்கே தெரியாவிட்டால் அது அச்சடித்த வதந்தி, அவ்வளவுதான். சிறியவர்கள் விக்கிரமாதித்தனிடமும் வேதாளத்திடமும் தொடங்கலாம். பல பத்தாண்டுகள் அம்புலிமாமா அதைத்தான் செய்தது. தோளில் வேதாளமும் கையில் வாளுமாக ராஜா நடக்கும் அந்தச் சங்கர் படத்தை உங்கள் தாய்மாரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வருணிப்பார்கள். பதில் தெரிந்தும் பேசாமலிருந்தால் தலை வெடித்துவிடும் என்று வேதாளம் மிரட்டுமே, வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காதவர்கள் அதை இருமுறை படிக்கவும்.

எட்டு, ஒன்பதாம் வகுப்பினர் மார்கோவையும் நீலியையும் படிக்கலாம். 'கங்காள்', 'காஞ்சனை', 'சுல்தானாவின் கனவு' மேல்நிலை வகுப்புகளுக்கு. புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை ஆனதால் மலிவுப் பதிப்புகள் பல கிடைக்கின்றன. முதல் தடவை பகலில் படியுங்கள். பிடித்தால் இரவுக்கு வைத்துக் கொள்ளுங்கள். படித்து முடித்ததும் பயம் வந்தால் அதை மறைக்க வேண்டாம். யாரிடமாவது கதையை முழுவதும் சொல்லிவிடுங்கள். சொல்லச் சொல்லப் பேய் கதையாகிவிடும்.

உரக்கப் படிப்பதற்கென்றே ஒரு கதையைக் கடைசியில் வைத்திருக்கிறேன்: ஜேக்கப்ஸ் என்ற ஆங்கிலேயர் 1902இல் எழுதிய 'குரங்கின் பாதம்'. இந்தியாவிலிருந்து திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவர், பக்கிரி மந்திரித்த உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்றைக் கொண்டு வருகிறார். மூன்று வரம் கொடுக்குமாம். வயதான தம்பதி விளையாட்டாக இருநூறு பவுன் கேட்கிறார்கள். பணம் மறுநாளே வருகிறது, மகன் வேலை செய்த ஆலையிலிருந்து. இயந்திரத்தில் சிக்கி அவன் இறந்ததற்கு ஈடாக. இரண்டாவது வரத்தைத் தாயின் வற்புறுத்தலால் தந்தை கேட்கிறார். பிறகு நள்ளிரவில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மூன்றாவது வரம் என்ன என்பதை இங்கே எழுதமாட்டேன். விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுபோய், வாசற்கதவின் அருகே உட்கார்ந்து, அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டார் தட்டினால் அதற்கு நான் பொறுப்பல்ல.